நீட்டாத துளை

அத்தியாயம் 9

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பீமாராவுக்கு அது அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி ஆகிவிடும்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, செஞ்சிக் கூட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பெரிய வெள்ளைக் கார் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பியதிலிருந்து அவர் வாய் மூடவில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில், சாமி வந்து ஆடியவர்களையே மலையேற விடாமல் நிறுத்தி டிக்கெட் கிழித்துக் கொடுத்ததாகத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். ஒன்றரை வருஷமாக விழுப்புரத்தில் கலைமதியின் துப்பறியும் ஆபீசில் உதவியாளர்.

கலைமதிக்கு முப்பத்தாறு வயது. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிப்போன வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவள். மனுஷன் பொய் சொல்வான், உடைந்த இரும்புக்குப் பொய் தெரியாது என்பது அவள் கட்சி. இப்போது அவள் மடியில் ஒரு ஸ்வீட் கடை டப்பா இருந்தது. உள்ளே, ஒரு பழைய காரின் இன்ஜினிலிருந்து கழற்றிய பதினாறு ராக்கர் ஆர்ம்கள், வால்வை அழுத்தித் திறக்கிற இரும்புகள். ஒவ்வொன்றும் பெருவிரல் நீளத்தில், சின்னக் கரண்டி மாதிரி குழிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன.

"ஜாங்கிரின்னு நெனச்சு எவனாச்சும் கடிச்சுட்டான்னா, அடுத்த கேஸு பல் டாக்டர் மேலதான் மேடம்" என்றார் பீமாராவ்.

யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் இருந்த இராமச்சந்திரன் கண்ணாடி வழியாக அவரை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். ரைஸ் மில் முதலாளி. அறுபதுக்குப் பக்கத்தில் வயது. வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், குரலை உயர்த்தாத மனிதர். அவர்தான் கலைமதியை இந்த வேலைக்கு அமர்த்தியவர். காரை ஓட்டியது அவருடைய டிரைவர் தனகோட்டி. மெலிந்த, தலை நரைத்த ஆள். மில்லிலிருந்து இதுவரை அவனும் பேசவில்லை.

எதற்குப் பயப்படுகிறோம் என்று பீமாராவுக்கே புரியவில்லை. முதலாளி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். மோர் கொடுத்தார். ஃபேனைத் திருப்பி வைத்தார். ஆனாலும் முதலாளி வீட்டுப் படியில் கால் வைத்ததிலிருந்தே அந்தப் பயம் இருந்தது.

விஷயம் இதுதான். ஐந்து நாளைக்கு முன், பங்குனி அமாவாசையன்று, இராமச்சந்திரனும் அவர் மச்சினனும் பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் மகள் வெண்மதியை அழைத்துக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். போனது குடும்பத்தின் பழைய அமெரிக்கக் காரில், ஓட்டியது தனகோட்டி. அவர் அப்பா காலத்து வண்டி, எட்டு சிலிண்டர். வீட்டில் கல்யாணம் காட்சி என்றால்தான் வெளியே எடுப்பார்கள். மத்தியானம் செஞ்சியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். கோயிலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கையில், ஸ்பெஷல் பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில், இன்ஜினுக்குள் ஏதோ உடைந்து வண்டி நின்றது. ஆண்கள் இறங்கி பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்கள். நிமிர்ந்தபோது பின் சீட்டில் வெண்மதி இல்லை.

ஒரு கும்பல் அவளைக் கடத்திவிட்டது என்றார் இராமச்சந்திரன். அதற்காக எவனோ இன்ஜினில் கை வைத்திருக்கிறான், அவன் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். போலீசுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடுமாம்.

நேற்று கலைமதி அந்த இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து பார்த்தாள். ராக்கர் ஒவ்வொன்றையும் ஸ்டட் என்கிற ஒரு இரும்புத் தண்டு பிடித்துக்கொண்டிருக்கும். பதினாறு ஸ்டட்டில் ஒன்று முறிந்து கிடந்தது. ஒரு பீஸ் மேல் சந்தேகமாக இருக்கிறது, வேலை பார்த்தவரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் சொன்னாள். எந்தப் பீஸ், என்ன சந்தேகம் என்று சொல்லவில்லை. வேலை பார்த்தவர் செஞ்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியதம்பி. தானே கூட்டிக்கொண்டு போவதாக முதலாளி கிளம்பிவிட்டார்.

ராஜகிரி மலையின் நிழல் பட்டறையின் தகரக் கூரை வரை வந்திருந்தது. பெரியதம்பி ஏதோ டிராக்டர் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். கார் வந்து நின்றதைப் பார்த்ததும் லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கலைமதி கேட்டதற்கெல்லாம் தெரியாது, ஞாபகமில்லை என்ற இரண்டே பதில்தான் வந்தது. அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், வாசலில் இடுப்பில் கை வைத்து நின்ற இராமச்சந்திரனைத் தாண்டி எங்கோ போய்ப் போய் வந்தது.

கலைமதி திரும்பி, உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார், கொஞ்ச நேரம் வண்டியில் இருங்கள் சார் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள். இராமச்சந்திரன் சற்று யோசித்துவிட்டு நடந்தார். இருபது அடி தூரத்தில் கார். கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், லேத்த ஓட விடுங்க" என்றாள் கலைமதி.

லேத் கரகரவென்று ஓடத் தொடங்கியதும், அந்தச் சத்தத்துக்குள் மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து பெரியதம்பியிடம் கொடுத்துவிட்டு, வேலையைப் பற்றி மட்டும் கேட்டாள். தொழிலைப் பற்றிக் கேட்டதும் மனுஷனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த இன்ஜினில் பழைய ஸ்டட்டெல்லாம் வெறுமனே அடித்து இறக்கியவை, நாளாவட்டத்தில் தளர்ந்து மேலே எழும்பிவிட்டன என்றார். மரையிட்டு, இன்னும் தடிமனான ஸ்டட்டாகப் போட்டாராம். ஸ்டட் தடித்தால் பழைய ராக்கரின் துளைக்குள் நுழையாது. புது ராக்கர் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். அதனால் இருந்ததையே திருத்தினார்.

துளையை அகலப்படுத்தினால் மட்டும் போதாது என்றார். ராக்கர் சீசாப் பலகை மாதிரி ஏறி இறங்கும். நடுவில் நிற்கிற ஸ்டட்டில் இடிக்காமல் இருக்க, துளையை இரண்டு பக்கமும் நீள வாக்கில் இழைத்து நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ராக்கர் ஸ்டட்டின் கழுத்தில் இடிக்கும். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை இடித்தால் எந்த இரும்பு தாங்கும்?

"பதினஞ்சு நீட்டியிருக்குது" என்றாள் கலைமதி. டப்பாவின் அடியில் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது அகலம் மட்டும்தான். நீட்டல. இது யாரு வேல?"

பெரியதம்பி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னுதுதான்."

பீமாராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அது முதன்முதலில் சோதனைக்குச் செய்தது என்றார் பெரியதம்பி. அகலப்படுத்தி ஸ்டட்டில் மாட்டிக் கையால் ஆட்டிப் பார்த்தபோது இடித்தது. அகலத்தையும் கொஞ்சம் கூட்டிக் கெடுத்திருந்ததால், அதைக் கழித்துக்கட்டி மூலையில் போட்டுவிட்டு, சென்னையில் பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வரவழைத்தாராம். வண்டி இங்கிருந்து போனபோது பதினாறும் சரியாக இருந்தது. அமாவாசைக்கு மறுநாள் மூலையைப் பார்த்தால் கழித்த பீஸைக் காணோம்.

"எடுத்தவன் யாருன்னு தெரியுது உங்களுக்கு" என்றாள் கலைமதி.

பெரியதம்பி வாசலைப் பார்த்தார். பீமாராவும் பார்த்தார். இருபது அடி தூரத்தில், இறக்கிய கண்ணாடிக்குள் இராமச்சந்திரனின் முகம் அசையாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முதலாளியே தன் வண்டிக்கு..." என்று பீமாராவ் முணுமுணுத்தார். வாயில் வந்த ஜோக் வாயிலேயே காய்ந்துவிட்டது.

"அவர் இல்லீங்க" என்றார் பெரியதம்பி. "வெளியில நிக்கறானே."

காருக்கு முன்னால் தனகோட்டி ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் தனகோட்டி தனியாக வந்தானாம். ஃபேன் பெல்ட் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த அந்தப் பீஸைக் கையிலெடுத்து, இதை மாட்டினால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று விசாரித்தான். இருபது கிலோமீட்டர் ஓடினால் அதிகம் என்று பெரியதம்பி சொன்னார். செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் ஏறக்குறைய அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாற்றியிருக்கிறான். மூடியைக் கழற்றி ஒரு ராக்கரை மாற்ற, கை பழகியவனுக்குக் கால் மணி நேரம்.

"சரியாத்தான் இருக்குது" என்றாள் கலைமதி. "நேத்தே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு அண்ணா. எட்டு சிலிண்டர்ல ஒண்ணு போனா மத்த ஏழும் ஓடும். சத்தம் வரும், வண்டி உதறும், ஆனா நிக்காது. அந்த வண்டி தானா நிக்கல. ஓட்டுனவரு நிறுத்தியிருக்காரு."

பீமாராவுக்கு மூச்சு வந்தது. அப்பாடா, கேஸ் முடிந்தது. டிரைவர் கும்பலோடு கூட்டு. முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். கையை உயர்த்தி காரைப் பார்த்து வரச்சொல்லி ஆட்டப் போனார்.

கலைமதி அவர் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை.

"அண்ணா, நேத்தும் இன்னிக்கும் அந்த மனுஷன் நம்மகிட்ட எவ்ளோ பேசினாரு. எம்பொண்ணு உசுரோட இருக்காளான்னு ஒரு வார்த்த கேட்டாரா?"

பீமாராவ் யோசித்தார். யார் கை வைத்தது, பெயர் என்ன, எந்த ஊர். அதுதான் கேட்டார். பிள்ளையைத் தொலைத்த எத்தனையோ பேரை மேல்மலையனூர்க் கூட்டத்தில் அவர் பார்த்திருக்கிறார். பித்துப் பிடித்தவர்கள் மாதிரி கண்ணில் பட்ட பஸ்ஸையெல்லாம் நிறுத்துவார்கள். மோர் கொடுத்து ஃபேனைத் திருப்பி வைக்க மாட்டார்கள்.

அந்தப் பயத்துக்கு இப்போது அர்த்தம் புரியத் தொடங்கியது.

கலைமதி வாசலுக்குப் போய், குடிக்கத் தண்ணீர் பாட்டில் வேண்டும் என்று தனகோட்டியிடம் கேட்டாள். அவன் கொண்டு வந்தான். உள்ளே வந்தவன் பெரியதம்பியின் முகத்தைப் பார்த்தான், அவர் கையிலிருந்த ராக்கரைப் பார்த்தான். ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றான்.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு. ஏன்னு நீங்க சொல்லுங்க" என்றாள் கலைமதி.

அவன் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னான். பாண்டிச்சேரியில் வெண்மதியோடு வேலை பார்க்கும் இனியன் என்ற பையனை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையன் காலனிக்காரன். ஒரு வருஷமாக வீட்டில் அடியும் உதையும் அழுகையும். திடீரென்று போன வாரம் முதலாளி போன் போட்டு, சரி, உன் இஷ்டப்படியே கட்டிக்கொள், முதலில் அங்காளம்மனுக்கு ஒரு பூசை போட்டுவிடலாம் என்றார். கல்யாண வண்டியையே எடுத்துக்கொண்டு அழைக்கப் போனார். அந்த வண்டியைப் பார்த்ததும் அவள் நம்பிவிட்டாள். மகிழ்ந்து, பூ வைத்துக்கொண்டு ஏறினாள்.

"மொத நாளு சாயங்காலம் என்னைய கடைக்கு அனுப்பிச்சாரு. பூச்சி மருந்து ஒரு டப்பா, சோடா ரெண்டு, பேப்பர் டம்ளர் ஒண்ணு. கழனியில அறுத்து முடிச்சு ஒரு மாசம் ஆவுது. வெறும் நெலத்துல எந்தப் பூச்சி இருக்குது? அப்புறம் சொல்றாரு, கோயிலுக்கு உள்ள போவாத, நேரா கழனி மோட்டார் கொட்டாய்கிட்ட வுட்டுட்டு, வண்டிய அங்கயே நிறுத்திட்டு நீ பஸ்ல வூட்டுக்குப் போயிடுன்னு."

லேத் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு டம்ளர்" என்று பீமாராவ் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த மருந்து டப்பா இப்போதும் பழைய காரின் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் இருப்பதாகத் தனகோட்டி சொன்னான். நேற்று டிக்கியைத் திறந்தபோது ஒரு நெடி வந்ததையும், பூசைக்குப் போன வண்டியில் ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லாததையும் கலைமதி நினைத்துப் பார்த்தாள். அப்போது அதை விவசாயி வீட்டு நெடி என்று விட்டுவிட்டாள்.

வழியில் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில், வண்டி நின்றதும் கூட்டத்துக்குள் புகுந்துவிடு, திரும்பிப் பார்க்காதே என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னானாம். அவள் ஏதோ பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தான். எந்த பஸ் என்று பார்க்கவில்லை.

"தெரிஞ்சா என்கிட்டேர்ந்து வாங்கிடுவாங்க. அதான் பாக்கல."

பீமாராவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய அக்கா மகன் ஒருவன் இப்படித்தான் கட்டிக்கொண்டு, ஆறு வருஷமாக ஓசூரில் வேறு பெயரில் இருக்கிறான். பெற்றவள் செத்தபோதுகூட வரவில்லை. வந்திருந்தால் ஒரு பாடைக்கு இரண்டாகியிருக்கும். இப்போது அந்த மாதிரி ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிற வேலையில் தானே இரண்டு நாளாகச் சுற்றியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. ராக்கரைக் கண்டுபிடித்தவன் டிரைவரைக் கண்டுபிடிப்பான். டிரைவரைப் பிடித்தால் பெண்ணைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

இராமச்சந்திரன் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார். இருபது அடி. அந்த நொடியில் பீமாராவ் என்ன யோசித்தார் என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை. கை தானாகப் போய்ப் பெரியதம்பியின் தோளைப் பிடித்தது.

"மாஸ்டர். இத நீட்டிடுங்க. இப்பவே."

பெரியதம்பி ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு, ராக்கரை வைஸில் இறுக்கி, மூலையில் தொங்கிய, துளைக்குள் நுழைகிற பென்சில் கிரைண்டரை எடுத்தார்.

கலைமதி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். முறிந்த ஸ்டட்டை எடுத்துக் காட்டி, உள்ளே இருட்டாக இருக்கிறது, வெளிச்சத்துக்கு வாருங்கள் சார் என்று முதலாளியை வெயிலில் நிறுத்தினாள். தனகோட்டி ஒதுங்கி, தலை குனிந்தபடி காரை நோக்கி நடந்தான்.

"யாரும் கை வெக்கல சார்" என்று அவள் தொடங்கினாள். ஸ்டட்டுக்குள்ளேயே வெடிப்பு இருந்திருக்கிறது என்று முறிந்த முகத்தில் இருந்த கறுப்புக் கோட்டைக் காட்டினாள். பழைய இன்ஜின், பங்குனி வெயில், பாண்டிச்சேரியிலிருந்து நீண்ட ஓட்டம். தானாகவே போயிருக்கிறது. கும்பல் ஒன்று திட்டம் போட்டதற்கு இரும்பில் ஒரு தடயமும் இல்லை. அவள் குரல் இன்சூரன்ஸ் அறிக்கை படிக்கிற குரலாக இருந்தது. இரும்புக்குப் பொய் தெரியாது என்கிறவள், வாழ்க்கையில் முதல் தடவையாக இரும்பின் பெயரில் பொய் சொன்னாள்.

பீமாராவ் உள்ளே கிரைண்டருக்கும் வாசலுக்கும் நடுவில் குறுக்கே நின்றுகொண்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பெரியதம்பியிடம் டிராக்டர் ஷாஃப்டைப் பற்றிக் கேட்டார். கிரைண்டர் பொறியைப் பார்த்து, தீபாவளி தள்ளி இருக்குது மாஸ்டர் என்றார். என்ன பேசினோம் என்பது அவர் காதில் விழவில்லை. முதுகு முழுக்க வியர்வை. துளையின் ஒரு பக்கம் நீண்டது. ஸ்டட் இடித்து இடித்துப் பளபளத்த தடம் பொடிப் பொடியாக உதிர்ந்து போயிற்று. இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

வெளியே இராமச்சந்திரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேற்று ஏதோ பீஸ் என்று சொன்னாயே என்றார். கலைமதி, அதற்குத்தான் வேலை பார்த்தவரைக் கேட்க வந்தோம், சரியாகத்தான் செய்திருக்கிறார் என்றாள்.

"அப்படியா? டப்பாவக் குடும்மா. திண்டிவனத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட ஒரு தடவ காட்டிடறேன்."

அவர் அவளைத் தாண்டி உள்ளே வந்தார். மேஜைமேல் டப்பா திறந்து கிடந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"பதினஞ்சுதான் இருக்குது."

கிரைண்டர் நின்றது. பெரியதம்பி ராக்கரை வைஸிலிருந்து இடுக்கியால் எடுத்து, பழைய எண்ணெய் டின்னில் முக்கி எடுத்தார். எண்ணெய் சுர்ரென்றது. அந்தச் சத்தம் லேத் சத்தத்தில் அமுங்கியது. பீமாராவ் கையை நீட்டினார்.

"பதினாறாவது இங்க இருக்குது சார். ஒரே பிசுக்கு, மாஸ்டர் கழுவிக் குடுத்தாரு."

உள்ளங்கையில் விழுந்ததும்தான் தெரிந்தது, எண்ணெய் மேல்சூட்டைத்தான் தணித்திருக்கிறது. இரும்புக்குள் இன்னும் நெருப்பு இருந்தது. கீழே போட்டால் முடிந்தது. முதலாளி கையில் கொடுத்தாலும் முடிந்தது. கழுவின பீஸ் ஏன் சுடுகிறது என்று ஒரு கேள்வி போதும்.

பீமாராவ் விரல்களை மடக்கி மூடிக்கொண்டார்.

மூடிக்கொண்டு பேசினார். கண்டக்டர் வேலையில், ஒரு தரம் பதினாறு பேர் ஏறின கோஷ்டியில் பதினைந்து டிக்கெட் எடுத்தார்கள், பதினாறாவது ஆளைத் தேடினால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி, அதுவும் வேண்டுதல் ஆடு, அதற்கு டிக்கெட் கேட்டால் சாமி குத்தம் என்று சண்டை என்று ஒரு கதையைக் கட்டி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிக்கிறபோது வருகிற மாதிரி அதைத் துடைத்துக்கொண்டார். கதை முடிந்தபோது உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. விரல்களைப் பிரித்து, ராக்கரை டப்பாவில் மற்றவற்றோடு வைத்தார்.

இராமச்சந்திரன் அதை எடுத்தார். வேறு இரண்டோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மூன்று துளைகளும் ஒரே நீளம். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது" என்று சொல்லி, டப்பாவை மூடினார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"உன் பேரு இன்னான்னு சொன்ன?"

"பீமாராவ் சார்."

இப்போதுதான் அவர் தலையைத் திருப்பி, அந்தப் பெயருக்குரிய ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

"ம்" என்றார் இராமச்சந்திரன். மோர் கொடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது இருவரையும் காரில் ஏறச் சொன்னார், விழுப்புரத்துக்கே கொண்டுவிடுவதாக. பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கலைமதி மறுத்தாள். தனகோட்டியை இங்கேயே நிறுத்திக்கொள்ள ஏதாவது காரணம் சொல்லலாமா என்று அவள் தவிப்பது பீமாராவுக்குத் தெரிந்தது. தனகோட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, டப்பாவை வாங்கப் பட்டறைக்குள் வந்தவன், உதடு அசையாமல் சொன்னான். இன்றைக்கு வராமல் நின்றால்தான் சந்தேகம் வரும். மில்லில் இறக்கிவிட்டு டீசல் போடுகிற சாக்கில் வெளியேறி, ஆரணிக்கு பஸ் ஏறிவிடுவான். பொண்டாட்டி அங்கேதான் இருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் இரண்டு மிஸ்டு கால் கொடுப்பான். அதுவரைக்கும் போலீசுக்குப் போக வேண்டாம். போலீஸ் மில்லுக்கு வருகிறபோது தான் அங்கே இருந்தால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும்.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. பெரியதம்பி லேத்தை நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கடைக்கார அம்மாள் பீமாராவின் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே போய் ஒரு கிண்ணம் இட்லி மாவு கொண்டுவந்து உள்ளங்கையில் அப்பிவிட்டாள். ராக்கரின் வடிவம் அப்படியே கொப்புளித்திருந்தது. கலைமதி அதைப் பார்த்துவிட்டு, அவர் டம்ளரை அவர் குடிக்க ஏதுவாக இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.

போன் மேஜைமேல் கிடந்தது. நாலரை பஸ் போயிற்று. ஐந்து மணி பஸ் போயிற்று. பீமாராவ் பேசவில்லை. அவரை ஒன்றரை வருஷமாக அறிந்தவளுக்கு அந்த மௌனம்தான் எல்லாவற்றையும்விட நடுக்கமாக இருந்தது.

"அந்தப் பழைய கார் டிக்கியில மருந்து டப்பா இன்னும் இருக்குதுல்ல மேடம்?" என்று ஒரு தரம் கேட்டார்.

"இருக்கணும். அவங்க அத எடுக்கறதுக்கு முன்னாடி நாம போயாகணும்."

ஐந்து இருபதுக்கு ஒரு கால் வந்தது. எடுத்தால் யாரோ லோன் வேண்டுமா என்று கேட்டார்கள். ஐந்து முப்பத்தைந்துக்கு மலை மறைவில் வெயில் போய், டீக்கடையில் லைட் போட்டார்கள். பீமாராவ் அங்காளம்மனை வேண்டிக்கொண்டார். ஸ்பெஷல் பஸ்ஸில் இத்தனை வருஷம் போயும், தனக்கென்று அவர் அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

ஐந்து நாற்பத்திரண்டுக்குப் போன் ஒரு தரம் அடித்து நின்றது. இன்னொரு தரம் அடித்து நின்றது. அதே எண்.

பீமாராவ் மாவு அப்பிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கலைமதி போனை எடுத்து விழுப்புரம் எஸ்.பி. ஆபீசின் எண்ணைப் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததும் தன் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொன்னாள்.

"ஒரு கொலையப் பத்திப் புகார் குடுக்கணும் சார்" என்றாள்.

எங்கே, எப்போது நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

"இன்னும் நடக்கல சார். அதான் அவசரமா வரச் சொல்றேன்."